உவர்மலையில் கசிந்த ஆவி

திருகோணமலையின் உட்துறைமுகத்தை ஒட்டி எழுந்திருக்கும் மேட்டுநிலத்துக்கு ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் என்று பெயர். தமிழில் உவர்மலை. கிழக்கு மாகாண ஆளுநரின் செயலகமும் விவேகானந்தாக் கல்லூரியும் அமைந்துள்ள பகுதி இது. மேற்கே துறைமுக நீர்ப்பரப்புக்கு அப்பால் இருப்பது சீனன்குடா. அங்கே காடு மண்டிய நிலத்தில் வரிசை வரிசையாக நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதிக் குவித்துவிட்டன. என் தொழிற்காலத்திலும் அத்தாங்கிகள் தலைப்புச் செய்தியாகாத ஆண்டுகள் குறைவு. யார் கட்டினார்கள், யார் குண்டு போட்டார்கள், யாருக்குக் குத்தகை, எத்தனை ஆண்டுகளுக்கு என்று அந்த எண்ணெயின் அரசியலை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

எண்ணெயின் அரசியலுக்கு உள்ள வரலாறு எண்ணெயின் ஆவிக்கும் உண்டு. ஆனால் அதை எவரும் எழுதுவதில்லை, ஏனெனில் ஆவி கண்ணுக்குத் தெரியாது. அண்மையில் உவர்மலையில் ஒரு வீட்டுக்குள் நிறுத்திவைக்கப்பட்ட ஸ்கூட்டர் ஒன்றிலிருந்து கசிந்த பெற்றோல் ஆவி, இந்த எழுதப்படாத வரலாற்றைத் தேடும்படி என்னைத் தூண்டியது. ஒரு சிறிய இறப்பர் குழாயில் விழுந்த வெடிப்பு, சீனன்குடா, லொஸ் ஏஞ்சலிஸ், தடைக்கால யாழ்ப்பாணம், 2022 ஆம் ஆண்டின் பெற்றோல் வரிசைகள் ஆகிய நான்கையும் ஒரே நூலில் கோத்துவிடும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

தாங்கிகள் மூச்சு விடுகின்றன

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியது. வின்ஸ்டன் சேர்ச்சில் கடற்படை அமைச்சராக இருந்த காலத்தில் 1912 இல் திட்டமிடப்பட்ட குயீன் எலிசபெத் வகைப் போர்க்கப்பல்கள் முழுமையாக எண்ணெயில் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. கப்பல் எண்ணெயில் ஓடுமானால், கப்பல் போகும் இடமெல்லாம் எண்ணெய் இருப்பு வேண்டும். இந்து சமுத்திரத்தில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முக்கிய இடங்களுள் ஒன்று திருகோணமலை. முதலாம் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தில் சீனன்குடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட உருக்குத் தாங்கிகள் எழுந்தன. இன்று கணக்கில் உள்ளவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கது.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றைய தினமே மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாவில் யப்பானிய விமானம் ஒன்று தாங்கியொன்றின் மீது மோதியதாகவும், அத்தாங்கி பல நாட்கள் எரிந்ததாகவும் இங்கு தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. உருகிச் சரிந்த அதன் உருக்குத் தகடுகள் காட்டுக்குள் எஞ்சியிருந்தன.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தாங்கிகள் கட்டப்பட்டது கப்பல்களின் கொதிகலன்களுக்கான கனத்த உலை எண்ணெய்க்காக. அது தடித்தது, எளிதில் ஆவியாகாதது. சாதாரண வெப்பநிலையில் அதன் அருகே தீப்பொறி விழுந்தாலும் உடனே பற்றிக்கொள்ளாது. பெற்றோல் முற்றிலும் வேறு இயல்புடையது. தீப்பற்றத்தக்க ஆவியை அது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸிலேயே வெளிவிடத் தொடங்கிவிடும். அப்படியென்றால் திருகோணமலையின் வெயிலில் அது எப்போதும் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும்.

தாங்கி பெரிதோ சிறிதோ, அது மூச்சு விடுகிறது. பகலில் சூடேறும்போது உள்ளிருக்கும் எண்ணெயும் காற்றும் விரிந்து ஆவியை வெளியே தள்ளுகின்றன. இரவில் குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளிழுக்கின்றன. மறுநாள் மீண்டும் அதே கதை. நிலையான கூரை கொண்ட தாங்கியில் பெற்றோலைச் சேமித்த நிறுவனங்கள் ஒவ்வொரு மூச்சிலும் பணம் பறந்து போவதைக் கண்டன. எண்ணெயின் மேற்பரப்பிலேயே மிதந்து அதனோடு ஏறி இறங்கும் மிதவைக் கூரை 1920 களில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது இதனால்தான். அன்று அவர்களை உறுத்தியது காற்று மாசு அன்று, இலாப இழப்பு. ஆவியைப் பற்றி மனிதன் முதலில் போட்டது பணக்கணக்கே.

அன்னாசியின் மணத்திலிருந்து

ஆவியின் இரண்டாவது கணக்கை எழுதியவர் லொஸ் ஏஞ்சலிஸ் அருகே கல்ரெக் நிறுவனத்தில் பணியாற்றிய ஏரி ஹாகன் ஸ்மிற் என்ற ஒல்லாந்து நாட்டு வேதியியலாளர். அன்னாசிப் பழத்தின் மணம் எந்தெந்தப் பொருள்களால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்த அவரிடம், நகரத்தை மூடிக் கண்களை எரியவைத்த பழுப்பு மூட்டம் எதனால் ஆனது என்ற கேள்வி வந்து சேர்ந்தது. பழத்தின் மணத்தைப் பிரித்தறியப் பயன்படுத்திய முறைகளையே நகரத்தின் காற்றிலும் அவர் பயன்படுத்தினார். எரியாமல் வெளியேறும் பெற்றோல் ஆவியும், எஞ்சின் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகளும், சூரிய ஒளியும் சேர்ந்தே அந்த நச்சு மூட்டத்தை ஆக்குகின்றன என்பதை 1950 களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார்.

அதன் பின்னர் செய்யப்பட்ட கணக்குகள் வியப்பூட்டின. கட்டுப்பாடு எதுவும் இல்லாத அக்காலக் கார் ஒன்று வெளிவிடும் ஐதரோகாபனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக வரவில்லை. அது பெற்றோல் தாங்கியிலிருந்தும் காபரேற்றரிலிருந்தும் சும்மா ஆவியாகிப் போனது. கார் ஓடினாலும் நின்றாலும் அந்த இழப்பு இருந்தது. கலிபோர்னியா 1970 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களுக்கும், அமெரிக்கா முழுவதும் அதற்கடுத்த ஆண்டுக் கார்களுக்கும் இந்த ஆவியைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று.

பிடித்துவைக்கக் கையாண்ட பொருள் கரி. நம் வீட்டு அடுப்புக் கரியின் உறவுதான், ஆனால் பதப்படுத்தப்பட்டது. மரம், நிலக்கரி, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றை எரித்து, பின்னர் நீராவி முதலியவற்றால் பதப்படுத்தினால் உட்புறமெங்கும் நுண்துளைகள் நிறைந்த கரி கிடைக்கிறது. அதன் ஒரு கிராமுக்குள் அடங்கியிருக்கும் மேற்பரப்பு 1,000 சதுர மீற்றர் அளவுக்கு இருக்கும். முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குப் பயன்பட்டது இத்தகைய கரிதான்; அப்போது சிரட்டைக் கரி பெரிதும் நாடப்பட்டது. இன்று சிரட்டையிலிருந்து இக்கரியைச் செய்து ஏற்றுமதி செய்யும் முக்கிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

கனடாவில் வாழும் வாசகர்களுக்கு இதில் புதுமை இருக்காது. பெற்றோல் மூடியைச் சரியாகப் பூட்டாவிட்டால் காரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிவதை அவர்களில் பலர் கண்டிருப்பர். கார் தனது ஆவிக் கசிவைத் தானே சோதிப்பதன் விளைவு அது. அத்தகைய காவற்காரன் நம்மூர் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றில் இல்லை.

நமக்கு ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகின்றன. இந்தியாவில் பி.எஸ்.4 விதிகள் புதிய மாதிரி இருசக்கர வாகனங்களுக்கு 2016 ஏப்ரலிலும், எல்லாவற்றுக்கும் 2017 ஏப்ரல் 1 ஆம் திகதியிலும் நடைமுறைக்கு வந்தன. பழைய தர வாகனங்களை அத்திகதிக்குப் பின் விற்கக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017 மார்ச் 29 இல் தீர்ப்பளித்ததும், அடுத்த இரு நாட்களில் விற்பனை நிலையங்களில் மக்கள் முண்டியடித்ததும் நினைவிருக்கலாம். அந்த விதிகளோடுதான் இருசக்கர வாகனத்தின் ஆவிக்கும் எல்லை வந்தது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 அதை ஒரு சோதனைக்கு 1.5 கிராம் என்று இறுக்கியது. ஸ்கூட்டரின் பக்கப் பலகைக்குள் கைக்கு அடக்கமான ஒரு கறுப்புக் குடுவை வந்து அமர்ந்தது இவ்வாறே. கராஜ்களில் அதைக் கனிஸ்டர் என்பார்கள். நான் கரிக்குடுவை என்றே எழுதுகிறேன்.

அது வேலை செய்யும் விதம் எளியது. வண்டி நிற்கும்போது தாங்கியிலிருந்து எழும் ஆவி ஒரு குழாய் வழியாகக் குடுவைக்குள் சென்று கரியில் ஒட்டிக்கொள்கிறது. வண்டி ஓடும்போது எஞ்சினின் உறிஞ்சல் இன்னொரு குழாய் வழியாக அந்த ஆவியை இழுத்து எரித்துவிடுகிறது. குடுவையின் மூன்றாவது வாய் வெளிக்காற்றுக்கானது. அதன் வழியே வரும் புதுக்காற்றுத்தான் கரியிலிருந்து ஆவியைக் கழற்றி எடுத்துச் செல்கிறது. வண்டி சரிந்து விழுந்தால் பெற்றோல் குடுவைக்குள் ஓடாதபடி தடுக்க வழியில் ஒரு சிறு அடைப்பானும் உண்டு.

ஆவியின் அருமை தெரிந்த காலம்

விதிகளும் ஆய்வகங்களும் வருவதற்கு முன்பே பெற்றோல் ஆவியின் அருமையை நன்றாக அறிந்திருந்த ஒரு சமூகம் இருந்தது. அது வட இலங்கைத் தமிழ்ச் சமூகம்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்கே பெற்றோல் கொண்டு செல்லத் தடை விதிக்கப்பட்டது. மின்கலம், சீமெந்து, உரம் என்று நீண்ட தடைப்பட்டியலில் பெற்றோல் முன்னிலையில் இருந்தது. கறுப்புச் சந்தையில் போத்தல் கணக்கில் விற்ற பெற்றோலைச் சாமானியர் நெருங்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின.

மண்ணெண்ணெயில் ஓடுவதில் ஒரு தடை இருந்தது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் போதிய ஆவி தராது. ஆவி இல்லையேல் பொறி பற்றாது. எஞ்சின் ஒருமுறை சூடேறிவிட்டால் மண்ணெண்ணெயே ஆவியாகத் தொடங்கிவிடும். அந்த முதல் உயிர்ப்புக்கு மட்டும் பெற்றோல் வேண்டும். ஆகவே மக்கள் ஒரு சிறிய போத்தலில் சில துளி பெற்றோலை வைத்துக்கொண்டார்கள். வைத்தியசாலையில் கழித்துப் போட்ட சேலைன் குழாயை அதனுடன் பொருத்தினார்கள். காபரேற்றருக்குள் ஓரிரு துளியை விட்டோ, போத்தலுக்குள் வாயால் ஊதி ஆவியை உட்செலுத்தியோ எஞ்சினை எழுப்பினார்கள். வெண்புகை கக்கிக்கொண்டு, தாக்குப்பொறியில் கரி படிந்து, பாதி வலுவில் அவ்வண்டிகள் ஆண்டுக்கணக்கில் வைத்தியர்களையும் கர்ப்பிணிகளையும் சவப்பெட்டிகளையும் சுமந்தன. 2002 ஜனவரியில் தடை பெரிதும் தளர்த்தப்பட்டபோதுதான் அந்தச் சிறிய போத்தல்கள் ஓய்வு பெற்றன.

ஒரு துளி பெற்றோலின் ஆவி ஓர் எஞ்சினை உயிர்ப்பிக்கும் என்பதை எந்தப் பாடநூலும் கற்பிக்காமல் ஒரு தலைமுறையே கைப்பழக்கத்தில் அறிந்திருந்தது. கரிக்குடுவை செய்வதும் ஒருவகையில் அந்த வேலையே. வீணாகப் போகும் ஆவியைச் சேர்த்துவைத்து எஞ்சினுக்கு ஊட்டுகிறது.

உவர்மலையில் மூன்று கராஜ்கள்

இனி, நான் குறிப்பிட்ட ஸ்கூட்டருக்கு வருவோம். அது என் அயலில் வசிக்கும் ஆசிரியை ஒருவருடையது. இந்தியத் தயாரிப்பு, ஏழெட்டு ஆண்டுகள் பழையது. திருட்டுக்கு அஞ்சி இரவில் அதை வீட்டின் முன்மண்டபத்துக்குள் ஏற்றிக் கதவைப் பூட்டிவிடுவது வழக்கம். அடுத்த அறை சுவாமி அறை. விடியற்காலையில் அங்கே விளக்கேற்றப்படும். அதற்கு அப்பால் சமையலறை, எரிவாயு அடுப்பு. சில வாரங்களாக விடியும்போது வீடு முழுவதும் பெற்றோல் மணம் வீசியது. பிள்ளைகளுக்குத் தலையிடி. தரையிலோ ஒரு சொட்டுக் கறையும் இல்லை.

முதலாவது கராஜில் எரிபொருட் குழாய்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒழுக்கு ஒண்டும் இல்லை, ரீச்சர்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது கராஜில் கரிக்குடுவையைக் கழற்றி, "இது தேவையில்லாத சாமான்" என்று கையில் கொடுத்து, தாங்கியிலிருந்து வந்த ஆவிக் குழாயின் வாயை ஒரு திருகாணியால் அடைத்துவிட்டார்கள். மணம் இரண்டு நாள் குறைந்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூட முற்றத்து வெயிலில் நின்ற வண்டியின் மூடியைத் திறந்தபோது ஆவி சீறிக்கொண்டு எழுந்தது. ஆசிரியை பயந்துபோய் என்னிடம் வந்தார்.

அது ஏன் சீறியது என்பது விளங்கிக்கொள்ள வேண்டியது. பெற்றோல் ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 5 லீற்றர் பெற்றோல் 10 பாகை சூடேறினால் 50 மில்லிலீற்றர் அளவுக்குப் பெருக்கும். அதைவிட, வெப்பத்தோடு ஆவியின் அழுத்தம் வேகமாக ஏறும். மூச்சுவிடும் வழியை அடைத்த தாங்கி பகலில் வீங்கவும், ஓடும்போது எண்ணெய் குறையக் குறைய உட்புறம் வெற்றிடமாகி எஞ்சினைப் பட்டினி போடவும் கூடும். பலவீனமான மூடி இறப்பர் அந்த அழுத்தத்துக்கு வழிவிட்டால் மணம் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

மூன்றாவது கராஜ் துறைமுகப் பக்கமாக இருந்தது. அதன் உரிமையாளர் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் தொழில் பழகியவர், அறுபதைத் தாண்டியவர். வண்டியை நிழலில், திறந்த வெளியில் நிறுத்தச் சொன்னார். எஞ்சின் ஆறும்வரை தொடவில்லை. பக்கத்தில் சிகரட் புகைத்த ஒருவரைத் தெருவின் மறுபக்கத்துக்கு அனுப்பினார். பிறகு ஆசிரியையிடம், "பிள்ளை, இது எண்ணெய் ஒழுக்கு இல்லை, ஆவி ஒழுக்கு. எண்ணெய் ஒழுகினால் கறை இருக்கும். ஆவி ஒழுகினால் மணம் மட்டுந்தான் இருக்கும்" என்றார்.

அவர் தேடிய முறை ஒரு புலனாய்வுச் செய்தியாளனுக்குப் பாடமாகும். முதலில் வண்டியின் அடியில் வெள்ளை மட்டை ஒன்றை விரித்து அரைமணி நேரம் விட்டார், கறை விழவில்லை. எனவே காபரேற்றர் நிரம்பி வழிவது முதலான திரவக் கசிவுகள் ஒதுக்கப்பட்டன. அடுத்து மூடி. அதன் உட்புற இறப்பர் வளையம் தட்டையாகி விறைத்துப் போயிருந்தது. அதை ஒருபுறம் எடுத்துவைத்தார். பிறகு அடைத்திருந்த திருகாணியைப் பிடுங்கிவிட்டு, தாங்கியிலிருந்து வரும் ஆவிக் குழாயை மெல்ல வளைத்துப் பார்த்தார். பார்வைக்கு நன்றாக இருந்த குழாய், தாங்கியோடு பொருந்தும் வளைவில் மயிரிழை போல் வெடித்திருந்தது. சவர்க்கார நீரைத் தடவி மறுமுனையில் வாயால் இலேசாக ஊதியதும் அந்த வெடிப்பில் குமிழிகள் எழுந்தன. அமுக்கக் காற்றை இதற்குப் பயன்படுத்தவே கூடாது என்றும், அது சரிவு அடைப்பானையும் குடுவையையும் உடைத்துவிடும் என்றும் அவர் எச்சரித்தார்.

கடைசியாக, இரண்டாவது கராஜ் கையில் கொடுத்தனுப்பிய கரிக்குடுவையை வாங்கிக் குலுக்கினார். அது கனத்தது. ஒரு வாயைச் சரித்தபோது பெற்றோலே சொட்டியது. "இதுக்குள்ளை ஆவிதான் போகவேணும். எண்ணெய் போனால் கரி செத்துப்போகும்" என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பெற்றோல் அடிக்கேக்கை முட்ட முட்ட அடிக்கிறனீங்களோ?"

ஆசிரியை ஆமென்றார். 2022 இலிருந்து அப்படித்தான் என்றார்.

புதிய மூடி வளையம், எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட புதிய குழாய், குழாய்ப் பிடிகள், புதிய குடுவை. நனைந்த குடுவையை வெயிலில் காயவைத்துப் பூட்டலாமா என்று நான் கேட்டேன். மணம் குறையலாம், கரி பழைய கரியாகாது என்று மறுத்துவிட்டார். எஞ்சினை இயக்கி, உறிஞ்சும் குழாயில் இழுவை இருக்கிறதா என்று விரலால் சோதித்துவிட்டே பக்கப் பலகையைப் பூட்டினார். புறப்படும்போது, "அந்த நாளிலை இந்த மணத்தைக் குடுத்துத்தான் எஞ்சினை எழுப்பினனாங்கள். இப்ப இதைச் சும்மா வெளியாலை விடுகினம்" என்றார்.

வரிசைகள் கற்றுத்தந்த பழக்கம்

மெக்கானிக்கின் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் ஒரு நாட்டின் வரலாறு இருக்கிறது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி, இலங்கையர் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். வரிசையிலேயே இறந்தவர்களும் உண்டு. அவ்வாண்டு யூலையில் அறிமுகமான கியூ.ஆர். அட்டை முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று ஒதுக்கப்பட்டது. துறைமுகத்தின் மறுகரையில் பத்து இலட்சம் கிலோலீற்றருக்கு மேல் கொள்ளும் தாங்கிகள். இக்கரையில் 4 லீற்றருக்கு வரிசை. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர், 2022 ஜனவரியில்தான், அந்த 99 தாங்கிகளும் மூன்றாகப் பங்கிடப்பட்டிருந்தன: 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு.

பஞ்சம் இரண்டு பழக்கங்களை விட்டுச் சென்றது. ஒன்று, வீட்டுக்குள் கலன்களிலும் பிளாஸ்டிக் போத்தல்களிலும் பெற்றோலைச் சேமிப்பது. இதனால் அக்காலத்தில் தீ விபத்துகள் நேர்ந்தன. மற்றது, பம்பின் கைப்பிடி தானாக நின்ற பிறகும் விளிம்புவரை விடச் சொல்வது. தாங்கியின் மேற்பகுதியில் விடப்பட வேண்டிய வெற்றிடம் ஆவிக்குரியது. அதையும் எண்ணெயால் நிரப்பினால், வெயிலில் விரியும் பெற்றோல் ஆவிக் குழாய் வழியே குடுவைக்குள் இறங்கிக் கரியை மூழ்கடிக்கிறது. கிடைத்தபோது நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று வரிசையில் கற்ற பாடமே, துளியையும் வீணாக்காத கருவியைக் கொன்றுவிடுகிறது.

இதனோடு வாகனங்களின் வயதும் சேர்ந்தது. 2020 இல் தொடங்கிய இறக்குமதித் தடை பல ஆண்டுகள் நீடித்ததால் பழைய ஸ்கூட்டர்களே தொடர்ந்து ஓடின. கடலோர வெப்பத்திலும் பெற்றோலிலும் ஊறிய இறப்பர் ஒரு காலத்துக்கு மேல் தாங்காது. ஆசிரியையின் வண்டியிலிருந்த வெடிப்பு திருகோணமலையில் ஒரே வெடிப்பாக இருக்க முடியாது.

இலங்கையில் 2008 முதல் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை நடக்கிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது அளப்பது புகைக்குழாயின் வாயை மட்டுமே. கரிக்குடுவை கழற்றி எறியப்பட்ட ஸ்கூட்டரும், ஆவிக் குழாய் வெடித்த ஸ்கூட்டரும் அதில் தடையின்றித் தேறிவிடலாம். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே நாம் இரவு முழுவதும் ஆவியைச் சுவாசிக்கலாம்.

ஆவியின் மூன்றாவது கணக்கு இதுதான், உயிர்க்கணக்கு. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலெழுந்து சாளரத்தால் போய்விடாது. தரையோடு படர்ந்து அடுத்த அறைக்குள் செல்லும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கலந்தாலே தீப்பற்றத்தக்கது. ஒரு தேக்கரண்டிப் பெற்றோல் முழுதும் ஆவியானால் 50 லீற்றருக்கு மேற்பட்ட காற்றை அந்த நிலைக்குக் கொண்டுவர முடியும். அதில் அடங்கிய பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதிப்படுத்தப்பட்ட பொருள். பூட்டிய வீட்டுக்குள் ஸ்கூட்டரும், விடியலில் ஏற்றும் விளக்கும், உறங்கும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வாழ்க்கை முறை நம்முடையது. கலிபோர்னியாவின் மூட்டத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட கரிக்குடுவை நமக்கு இன்னும் நெருக்கமான காரணத்துக்காகத் தேவைப்படுகிறது.

எனவே இதை வாசிப்பவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம். கறையில்லாமல் மணம் மட்டும் வந்தால் மூடி, ஆவிக் குழாய், கரிக்குடுவை என்ற ஒழுங்கில் தேடச் சொல்லுங்கள். மணம் நிற்கும்வரை வண்டியை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். குடுவையைக் கழற்றி எறிய எவரையும் அனுமதிக்காதீர்கள். பம்ப் நின்றவுடன் நிறுத்தச் சொல்லுங்கள்.

சீனன்குடாத் தாங்கிகளின் எதிர்காலம் குறித்து 1987 இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனாவும் கடிதங்கள் பரிமாறினார்கள். 2003 இல் குத்தகை வந்தது, 2022 இல் பங்கீடு வந்தது, 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாட்டில் ஒப்பமிட்டன. அந்தப் பேச்சுகளில் உவர்மலைவாசிகளுக்கு இடமில்லை. தங்கள் முன்மண்டபத்தில் நிற்கும் 5 லீற்றர் தாங்கி அவர்கள் கையில் இருக்கிறது. அதன் மூச்சைக் காப்பதற்கு எந்த அரசின் ஒப்பமும் வேண்டியதில்லை. சில அங்குல இறப்பர் குழாயும் ஒரு பிடி கரியும் போதும்.